கால் எட்டுற வண்டி

"போன வாரம் அந்தப் புள்ளையச் சேத்துல தள்ளிட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்களே, இது நல்லா இருக்குதுங்களா?" என்று மோகனூரிலிருந்து ஒரு வாசகி போன் போட்டுத் திட்டினார். தள்ளினது நான் இல்லை தாயே, அந்தத் தடம். நம்பாதவர்கள் மழை பெய்த மறுநாள் கரட்டுப்பாளையம் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

நடுவில் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சரிதாவுக்கு முப்பத்தொரு வயது. மேட்டூர்ப் பக்கம் பிறந்து, மல்லசமுத்திரத்துக்கு மேற்கே கரட்டுப்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டுக்கு வாக்கப்பட்டவள். உயரம் நாலடி ஒன்பது அங்குலம். புருஷன் சபரிநாதன் ஆறடி. கல்யாண போட்டோவில் அவள் காலுக்குக் கீழே ஒரு முக்காலியைப் போட்டு, சேலையால் மறைத்துத்தான் எடுத்தார்கள்.

சபரிநாதனுக்குப் போர்வெல் ரிக்கில் டிரில்லர் வேலை. சத்தீஸ்கர், ஒடிசா என்று வருஷத்தில் பத்து மாசம் சுற்றுவான். அங்கே மழை பிடித்து ரிக் நின்றால் ஊருக்கு வருவான், ரெண்டு மாசம் இருப்பான், போய்விடுவான். ஆறு வருஷக் கல்யாணத்தில் ரெண்டு பேரும் சேர்ந்து இருந்த நாளையெல்லாம் கூட்டினால் ஒரு வருஷம் வரும். குழந்தை இல்லை.

இந்தச் சரிதாதான் மாட்டுக்குச் சினை ஊசி போடப் பயிற்சி எடுத்து, பால் சொசைட்டியில் நாலு ஊருக்கு வேலை வாங்கியிருக்கிறாள். "மாட்டுக்கெல்லாம் போடறா, இவளுக்கு ஒண்ணும் ஆவலியே" என்று ஊருக்குள் ஒரு பேச்சு ஓடுகிறது. அதைப் பேசின ஆளை நான் இந்தக் கதைக்குள் விடப்போவதில்லை. விட்டால் எனக்கே கை நீண்டுவிடும்.

மாடு சினைக்குக் காலையில் கத்தினால் சாயங்காலத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும். விட்டால் இன்னும் மூணு வாரம் காத்திருக்கணும். அதனால் வண்டி இல்லாமல் இந்த வேலை இல்லை. போன வாரம் இரவல் ஸ்கூட்டரில் போனாள். சின்னச் சக்கரம் சேற்றுக் குழியில் இறங்கி, குச்சிகளை உறைகுளிரில் வைத்திருக்கப் பின்னால் கட்டியிருந்த நைட்ரஜன் கேன் சாய்ந்து, உள்ளே இருந்த சினை ஊசிக் குச்சி அத்தனையும் வீணாகப் போனது.

சொசைட்டி செயலாளர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். "திங்கக்கிழமை காலையில, இந்தத் தடத்துக்கு ஆவற சொந்த வண்டியோட வந்து நில்லும்மா. இல்லீன்னா ஆத்தூர்க்காரர் ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரு, அவருக்குக் குடுத்தர்றேன்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

*

வெள்ளிக்கிழமை என்றால் மாமியார் வசந்தாமணிக்கு மாரியாத்தா கோயில். வீட்டுக்கு எது வாங்குவதானாலும், கிணறு வெட்டுவதானாலும், பொண்ணு பார்ப்பதானாலும் ஆத்தாகிட்டப் பூக் கேட்காமல் அவர் அடுத்த வேலை பார்க்கமாட்டார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். பூசாரி ரெண்டையும் உருட்டி ஆத்தா காலடியில் போடுவார். கேட்கிறவர் மனசுக்குள் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம்.

பிரச்சினை என்னவென்றால், வண்டி விஷயத்தில் வீடு ரெண்டு பட்டிருந்தது. திருச்செங்கோட்டு ஆட்டோ கன்சல்டிங்கில் நிற்கிற பழைய வண்டிகளை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள் சரிதா. அதைப் பார்த்ததும் சபரிநாதன் ஒரு பெரிய வண்டிக்கு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினான். உயரமான வண்டி, டேங்க் பெருத்தது, சக்கரமும் பெரிசு. "இது எந்தக் கல்லுலயும் ஏறும், பைபாஸ்லயும் பறக்கும். இதவே எடு" என்று எழுதியிருந்தான். சரிதா கேட்டது தணிவான ஒரு சின்ன வண்டி. மாமனார் சென்னியப்பன் எதுவும் சொல்லவில்லை. அவர் எப்போதுமே அப்படித்தான்.

"வெள்ளை வந்தா அவன் சொன்ன வண்டி. செவப்பு வந்தா உன்ற இஷ்டம் சாமி" என்றார் வசந்தாமணி.

"வண்டிய நாந்தானுங்க அத்தை ஓட்டறது."

"ஓட்டறது நீதான். ஆத்தா சொல்றதக் கேட்டுட்டு ஓட்டு."

வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். ஒரு வண்டிக்கா இத்தனை நேரம் என்று பூசாரியே கொட்டாவி விட்டார். பிறகு குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

சரிதாவுக்கும் கண்ணில் தண்ணீர்தான், வேறு காரணத்துக்கு. ஆத்தாவும் ஆறடி ஆள் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். கோயிலில் அப்படி நினைக்கக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தாள்.

*

மாமனாரின் எக்செல் வண்டியில் பின்னால் உட்கார்ந்து திருச்செங்கோடு போனாள். அந்த வண்டியே இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது காலையில் பாலுக்கு, பகலில் புல்லுக்கு, சாயங்காலம் மறுபடி பாலுக்கு. அதற்கு ஓய்வு கிடைப்பது சென்னியப்பன் தூங்குகிறபோதுதான்.

வழியெல்லாம் அவர் பேசவில்லை. ஒரே ஒரு இடத்தில், "அம்மிணி, காலைல ஏதாச்சும் உண்டியா?" என்று கேட்டார்.

"உண்டுட்டேனுங்க மாமா" என்று பொய் சொன்னாள். தனியாக உட்கார்ந்து உண்ணப் பிடிக்காமல் இப்போதெல்லாம் அவள் பாதி நாள் காலையில் உண்பதே இல்லை. மாமனாரும் மாமியாரும் விடிவதற்குள் பழையது குடித்துவிட்டுக் மாட்டுக் கட்டுத்தரைக்குப் போய்விடுவார்கள். அவள் தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, கழுவி வைத்தால் ஒரு நிமிஷ வேலை.

கன்சல்டிங் கடைக்காரர் சிவபிரகாஷ் வாயெல்லாம் சிரிப்பாக வந்தார். வந்தவர் நேராகச் சென்னியப்பனிடம் போனார்.

"வாங்கய்யா. யாருக்குங்க வண்டி?"

சென்னியப்பன் மருமகளைக் கை காட்டினார். சிவபிரகாஷ் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"அக்காவுக்கா! அப்ப இப்புடி வாங்க, நம்மகிட்ட ஸ்கூட்டர் நாலஞ்சு சும்மா கும்முன்னு நிக்குது."

"ஸ்கூட்டர் வேண்டாமுங்க" என்றாள் சரிதா. "கரட்டுத் தடம். சேறு, கல்லு, ஓடை மணல். பின்னால கேன் சாயாம நிக்கோணும். ராசிபுரம், சேலம்னு ரோட்டுலயும் ஓடோணும். எல்லாத்துக்கும் ஆவற கியர் வண்டியாக் காட்டுங்க."

"கியர் வண்டி ஓட்டுவீங்களாக்கா?"

"பதினாறு வயசுலருந்து ஓட்டறேன். எங்கப்பா வண்டி. லைசென்ஸ் இருக்குது, பாக்கறீங்களா?"

சிவபிரகாஷ் பார்க்கவில்லை. ஆனால் சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

சபரிநாதன் வட்டம் போட்ட வண்டி முன்வரிசையில் நின்றது. அழகான வண்டிதான், பொய் சொல்லக் கூடாது. சீட்டு சரிதாவின் இடுப்புக்கு மேலே இருந்தது. ஸ்டாண்டு போட்டிருக்கும்போதே ஒரு காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள். ஸ்டாண்டை எடுத்து நிமிர்த்தியதும் ரெண்டு காலும் அந்தரத்தில் நின்றன. உடம்பை இடது பக்கம் சரித்தால் கட்டைவிரல் நுனி தரையைத் தொட்டது.

"ஓடிட்டா ஒண்ணும் தெரியாதுக்கா" என்றார் சிவபிரகாஷ்.

அது நிஜம். ஓடினபோது ஒன்றும் தெரியவில்லை. காம்பவுண்டை ஒரு சுற்று நன்றாகவே சுற்றினாள். கியர் மாற்றுகிற சத்தம் கேட்டு, டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் வண்டி எப்போதும் ஓடிக்கொண்டே இருக்குமா? மாடு இருக்கிற வீட்டில் நிறுத்தணும், நாய் குறுக்கே வந்தால் நிறுத்தணும், எதிரே டிராக்டர் வந்தால் ஓரத்தில் ஒதுங்கணும். ரெண்டாவது சுற்றில் ஒரு லாரி ரிவர்ஸில் வர, ஜல்லி கொட்டின சரிவில் பிரேக் போட்டு இடது காலை ஊன்றப் போனாள். தரை இருக்கும் என்று நினைத்த இடத்தில் தரை இல்லை.

வண்டி சாய்ந்தது. அவளும் சாய்ந்தாள். வண்டி கொஞ்சம் அவள் மேலே கிடந்தது.

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். சென்னியப்பன் அறுபத்தெட்டு வயசில் ஓடிவந்ததை அன்றைக்குத்தான் சரிதா பார்த்தாள். அவரும் சிவபிரகாஷும் சேர்ந்து வண்டியைத் தூக்கினார்கள்.

"அடிகிடி பட்டுச்சா அம்மிணி?"

"இல்லீங்க மாமா." முழங்கைத் தோல் வழன்றிருந்தது. அதைவிட மானம் போனதுதான் எரிந்தது. நாலடி ஒன்பதாகப் பிறந்தது என்ன குற்றம், யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

*

அந்த நேரம் பார்த்து சபரிநாதன் கூப்பிட்டான். வீடியோ கால். பின்னால் ரிக் நின்றது, யாரோ இரும்பு தட்டுகிற சத்தம் கேட்டது.

"என்ன, வண்டி பாத்தாச்சா?"

"பாத்தேன். கீழ உழுந்துட்டேன்."

"பழகாத கையி, உழத்தான் செய்யும். நாலு நாள் ஓட்டினாச் சரியாப் போயிரும்."

"கை பழகிருச்சுங்க. காலுதான் எட்டல."

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. கல்யாணத்தன்று முக்காலியைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. "ஏம்புள்ள, நான் வந்தா ஓட்டறதுக்கும் ஆவோணுமில்ல? அந்தச் சின்ன வண்டியில நான் உக்காந்தா முட்டி ஹேண்டில் பார்ல இடிக்கும். ஊருக்குள்ள சிரிப்பானுங்க."

"நீங்க ரெண்டு மாசம் ஓட்டுவீங்க. நான் பன்னண்டு மாசம் ஓட்டோணும்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே தெரிந்தது. அந்தப் பக்கம் இரும்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, நான் அப்பறம் கூப்புடறேன். உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்று வைத்துவிட்டான்.

*

சரிதா அடுத்த வண்டியைப் பார்த்தாள். தணிவான, நீளமான ஒன்று, கால் ரெண்டும் தரையில் பதிந்தன. "இது எட்டுதுங்க!" என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சொல்லிவிட்டாள். சென்னியப்பன் குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தார். தரைக்கும் அதற்கும் ஒரு சாணுக்கும் குறைவு.

"ஓடைக் கல்லுல வயிறு தேயும் அம்மிணி" என்றார்.

உண்மைதான். கால் எட்டினால் வயிறு தட்டுகிறது, வயிறு தட்டாததில் கால் எட்டவில்லை. குட்டையானவர்களுக்கு என்று இந்த உலகத்தில் யாரும் யோசித்து ஒரு சாமானும் செய்வதில்லை. பஸ்ஸில் கம்பி எட்டாது, சமையல்கட்டில் மேல் அலமாரி எட்டாது. எனக்கும் எட்டாது, அதனால்தான் சொல்கிறேன்.

அவள் முதலில் கேட்ட சின்ன வண்டி ஒரு மூலையில் தூசி படிந்து நின்றது. நூத்துப் பத்து சிசி, சாதாரண வண்டி. பாத்திரக்காரர், பால்காரர் எல்லாம் ஓட்டுவது. எடை கம்மி. கைப்பிடியைப் பிடித்து முன்னே பின்னே தள்ளிப் பார்த்தாள், சொன்ன பேச்சைக் கேட்டது. கீழே கல் தட்டாத அளவுக்கு இடம் இருந்தது. ஏறி உட்கார்ந்தாள். ரெண்டு பாதத்தின் நுனியும் தொட்டது, ஆனால் ஊன்றவில்லை.

அப்போது ஒன்று கவனித்தாள். சீட்டு உயரம் மட்டும் இல்லை, அகலமும்தான் வில்லங்கம். தொடைக்கு நடுவே சீட்டு அகலமாக இருந்ததால் கால் ரெண்டும் பக்கவாட்டில் விரிந்து, இருக்கிற நீளமும் வீணாகப் போயிற்று.

"இந்த முன்பக்கத்த மட்டும் ஒடுக்கி, கொஞ்சம் தணிச்சா எட்டுமுங்களே?" என்றாள்.

"அதுக்கு நம்ம அப்புசாமி இருக்காப்ல" என்று சிவபிரகாஷ் எதிர்ப்பக்கம் கை காட்டினார்.

அப்புசாமி சீட் கவர் கடை வைத்திருந்தார். முப்பத்தைந்து வயது, எதற்கெடுத்தாலும் சலித்துக்கொள்கிற ஆள். சீட்டைக் கழற்றி, உறையை உரித்து, பஞ்சை அமுக்கிப் பார்த்தார். சரிதாவை உட்காரச் சொல்லி, தொடைக்குப் பக்கத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். வேறு யார் ஓட்டுவார்கள் என்று கேட்டு, ஆறடிப் புருஷன் கதையையும் தெரிந்துகொண்டார்.

"ஒண்ணரை இஞ்சி எறக்கலாம். ரெண்டு பக்கமும் சீவிரலாம். காலு நல்லா ஊனும். ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன். இதுக்கப்பறம் உங்க ஊட்டுக்காரரு மாதிரி உசரமான ஆளு இதுல உக்காரவே முடியாது. இப்பவே முட்டி இடிக்கும். வெட்டிட்டா குத்த வெச்ச மாதிரிதான் இருக்கும். அப்பறம் வந்து சண்டை போடக் கூடாது."

"வேணும்னா அப்பறம் திரும்ப ஒட்டிக்க முடியாதுங்களா?"

"வெட்டின பஞ்ச ஒட்டினா அது சீட்டு இல்ல. வெட்டறதா வேண்டாமான்னு யோசிச்சுட்டு வாங்க. எனக்கு வேலை கெடக்குது."

சரிதா கடை வாசலில் நின்றாள். கையில் கோடு போட்ட பஞ்சுச் சீட்டு. ஒருபக்கம் திங்கக்கிழமை. இன்னொருபக்கம் ஆத்தா கொடுத்த வெள்ளைப் பூ. அதற்கும் மேலே அந்த ஆறடி. அவனுக்கு உட்கார இடம் இல்லாத வண்டியை வீட்டில் கொண்டுபோய் நிறுத்துவது என்பது அவளுக்கு லேசான காரியமாகப் படவில்லை. சண்டை போட்டாலும் புருஷன் மேல் அவளுக்குப் பிரியம் இருந்தது. அதுதான் கஷ்டம். பிரியம் இல்லாவிட்டால் எப்போதோ வெட்டியிருப்பாள்.

மாமியாருக்குப் போன் போட்டாள்.

"அத்தை, அவரு சொன்ன வண்டியில உழுந்துட்டேனுங்க."

"அய்யோ சாமி! அடி பட்டுச்சா?"

"கையிலதான், கொஞ்சம். எனக்கு அந்த வண்டி ஆவாதுங்க. ஆனா ஆத்தா வெள்ளை குடுத்துட்டா. நான் என்னங்க பண்றது? நீங்க சொல்லுங்க."

வசந்தாமணி மெதுவாகச் சொன்னார்.

"சரிதா, அது வண்டிக்குக் கேட்ட பூவு இல்ல கண்ணு."

"என்னங்க அத்தை?"

"வண்டிக்குத்தான் கேக்கப் போனேன். கண்ண மூடினதும் எங்க வண்டி நெனப்பு வருது? இந்த மழைக்கு என்ற பையன் நல்லபடியா ஊடு வந்து சேருவானா ஆத்தான்னு கேட்டுப்போட்டேன். வெள்ளை வந்துருச்சு. சந்தோஷத்துல எனக்கு வாயே வரல. நீங்க எல்லாம் வண்டிக்குன்னு நெனச்சுட்டீங்க, நானும் சும்மா இருந்துட்டேன். நான் பண்ணினது தப்புத்தான். நீ உழுந்துட்டயே சாமி, என்ன உடு, உனக்கு எது ஆவுதோ அத எடு."

சரிதாவுக்குக் கோபம் வரணும். வரவில்லை. அந்தத் தோட்டத்து வீட்டில் ஒரே ஆளை நினைத்துக்கொண்டு ரெண்டு பொம்பளைகள் ஆளுக்கொரு பக்கமாகப் படுத்திருக்கிறார்கள், ஒருத்தரிடம் ஒருத்தர் சொல்லிக்கொண்டதே இல்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மாமியாரைக் கட்டிக்கொள்ளணும் போல இருந்தது.

"அழுவாதீங்க அத்தை. நான் பாத்துக்கறேன்" என்று வைத்தாள்.

வைத்த கையோடு அவன் கூப்பிட்டான். இந்தத் தடவை வீடியோ இல்லை, குரல் மட்டும். பின்னால் இரும்புச் சத்தமும் இல்லை. தனியாக எங்கேயோ தள்ளி வந்து பேசுகிறான் என்று தெரிந்தது.

"சரிதா, கோவிச்சுக்காத. மொதலாளி ஆப்பிரிக்காவுக்கு ரெண்டு ரிக் அனுப்பறாரு. டிரில்லரா என்னக் கூப்புட்டாரு. நானும் சரின்னுட்டேன்."

"எப்ப?"

"இருவத்தி ரெண்டாந்தேதி பிளைட்டு. மும்பையிலருந்து."

"இந்த மாசமா? அப்ப ஊருக்கு?"

"வர நேரமில்ல. இங்கிருந்தே நேராப் போறோம். ரெண்டு வருஷக் காண்ட்ராக்ட்டு. நடுவுல லீவு இல்ல."

ரெண்டு வருஷம். அவள் மனசில் அது வருஷமாக வரவில்லை. ரெண்டு மழையாக வந்தது.

"பாஸ்போர்ட்டு?"

"போன ஆடியில வந்தப்பவே எடுத்துட்டேன். சொன்னா அழுவீன்னுதான் சொல்லல. அப்பாவுக்குத் தெரியும்." அவனே தொடர்ந்தான். "அம்மாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிரு. அப்பறம் அந்தப் பெரிய வண்டியவே எடுத்துரு. நான் வர்ற வரைக்கும் புதுசாட்டம் இருக்கும். வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி மட்டும் வெய்யி, பேட்டரி எறங்கிரும்."

இதைக் கேட்டு எனக்கே காது சூடாகிவிட்டது. அவள் எப்படித்தான் நின்றாளோ.

"ஏனுங்க" என்றாள்.

"சொல்லு."

"ஒடம்பப் பாத்துக்கங்க. அங்க தண்ணி கொதிக்க வெச்சுக் குடிங்க."

வைத்துவிட்டாள்.

ரோட்டுக்கு எதிரே டீக்கடையில் சென்னியப்பன் ரெண்டு டீ வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நடு ரோட்டில் ஒரு நொடி நின்றார். பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

"உங்களுக்குத் தெரியுமுங்களா மாமா?"

அவர் டீயை அவள் கையில் கொடுத்தார். "பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ்காரரு விசாரணைக்கு வந்தப்பக் கையெழுத்துப் போட்டேன் அம்மிணி. சும்மா எடுத்து வெக்கறான், போக மாட்டான்னுதான் நெனச்சேன். உன்ற மூஞ்சியப் பாத்து இத்தன நாளாச் சொல்ல முடியல."

"அத்தைக்கு?"

"தெரியாது."

ஒரு வருஷமாக ஒரே வீட்டில் அவள் சாப்பாடு போட, தலை நிமிராமல் உண்டுவிட்டுப் போனாரே, அது ஏன் என்று இப்போது புரிந்தது. அவரைத் திட்டவும் முடியவில்லை. கூட வாழ்கிற மூணு பேரும் மூணு பூட்டுப் போட்ட அறை மாதிரி இருந்திருக்கிறார்கள். டீயைக் குடித்தாள், சூடு தெரியவில்லை.

சீட்டை எடுத்துக்கொண்டு அப்புசாமியிடம் திரும்பிப் போனாள்.

"யோசிச்சாச்சா?"

"வெட்டுங்க."

"உங்க ஊட்டுக்காரரு..."

"வெட்டுங்கங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன். ரெண்டு பக்கமும் நல்லாச் சீவுங்க."

கத்தி பஞ்சில் இறங்கியது. சீவின துண்டுகள் அவள் செருப்பு மேலே விழுந்தன. அவள் நகரவில்லை. அழுதாள், ஆமாம், கடை வாசலில் நின்றே அழுதாள். அப்புசாமி அதற்கும் சலித்துக்கொண்டு, "பேன் காத்துக்குப் பஞ்சு கண்ணுல உழும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று பேனை நிறுத்தினார்.

*

சிவபிரகாஷிடம் பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பும்போது, அந்தச் சின்ன வண்டியில் அவள் முன்னால் வந்தாள். சென்னியப்பன் எக்செல்லில் பின்னாலே வந்தார். டவுன் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நிறுத்தினாள். ரெண்டு காலும் தரையில் பதிந்தன. பக்கத்தில் நின்ற லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும் என்று விட்டாள். பச்சை விழுகிற வரைக்கும் ஒரு காலையும் அவள் எடுக்கவில்லை. ஓடைக் கல்லில் வண்டி ஏறியபோது ஒரு தடவை நிறுத்தி, காலால் ஊன்றித் தள்ளி, மறுபடி ஏறினாள். விழவில்லை. திங்கக்கிழமை பற்றின பயம் அங்கேயே போய்விட்டது.

இன்னொரு பயம் வீட்டு வாசலில் நின்றது.

வசந்தாமணி எலுமிச்சம்பழம், குங்குமம், கற்பூரத் தட்டு எல்லாம் எடுத்து வைத்துக் காத்திருந்தார். முகம் கழுவி, நல்ல சேலை கட்டியிருந்தார். வண்டியைச் சுற்றி வந்து கைப்பிடிக்குப் பொட்டு வைத்தார். லைட்டுக்குப் பொட்டு வைத்தார். சீட்டைத் தொட்டவர் நின்றார்.

"ஏஞ்சாமி, சீட்டு இத்தனை தணிவா இருக்குது? அவன் வந்தா இதுல எப்புடி உக்காருவான்?"

சென்னியப்பன் எக்செல்லை நிறுத்தினார். ஆனால் இறங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அதிலேயே உட்கார்ந்திருந்தார்.

சரிதா ஹெல்மெட்டைக் கழற்றினாள். பக்குவமாகச் சொல்லு என்றான். அந்தப் பக்குவம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. மாமியார் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த மழைக்கு அவரு வரலைங்க அத்தை."

வசந்தாமணி அவளைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப அடுத்த மழைக்கு?" என்றார்.